உள்ளேயிருந்து ஒரு தட்டு

டிரம்மர் என்றதும் மேடையில் தலையை ஆட்டி ஆட்டி வாசிக்கிற ஆளை நினைத்துக்கொண்டீர்கள் என்றால் உங்கள் மேல் குற்றமில்லை. நம் டிரம்மருடைய மனைவியே அப்படித்தான் ஏமாந்தாள். கல்யாணப் பேச்சு வந்தபோது "பையன் டிரம்மர்" என்று யாரோ ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுப் போக, வீட்டுக்காரர் இசைக்குழுவில் இருக்கிறார் என்று தோழிகளிடமெல்லாம் பெருமையடித்து வைத்துவிட்டாள். கல்யாணமாகி முதல் தடவை வேலை முடிந்து வந்தவருக்குப் பக்கத்தில் போனவள், மூக்கைப் பொத்திக்கொண்டு சமையலறைக்கே ஓடிவிட்டாள். மனிதர் வேலை பார்த்தது தோல் பதனிடும் கம்பெனியில். பாட்டு, தாளம் என்றால் காத தூரம் ஓடுகிறவர்.

அந்தக் கம்பெனியில் டிரம் என்பது படுக்கப் போட்ட ஒரு மகா பெரிய மரப் பீப்பாய். உள்ளே ஒரு ஆள் நிமிர்ந்து நடக்கலாம். சுவரெல்லாம் முழங்கை நீளத்துக்கு மர முளைகள் நீட்டிக்கொண்டிருக்கும். பக்கவாட்டில் ஆள் குனிந்து நுழைகிற மாதிரி ஒரே ஒரு கதவு. தோல்களை உள்ளே போட்டு, தண்ணீரோ சுண்ணாம்போ சாயமோ ஊற்றி, கதவைப் பூட்டிப் பொத்தானை அமுக்கினால் அது கடகடவென்று சுற்றும். தோல்கள் முளைகளில் மாட்டி மேலே போய்த் தொப்பு தொப்பென்று விழும். இதை ஓட்டுகிறவர்தான் டிரம்மர்.

இந்தப் பேர் எப்படி வந்தது என்பதில் கம்பெனிக்குள் பல கட்சி. எந்திரத்துக்குப் பக்கத்தில் நிற்கிறவனுக்கு எந்திரத்தின் பேர்தான் வரும், இதிலென்ன ஆராய்ச்சி என்பார் மெக்கானிக். முதன்முதலில் அந்த இடத்தில் நின்றவன் நிஜமாகவே சர்க்கஸில் டிரம் அடித்துக்கொண்டிருந்தவன், பேர் அவனோடு வந்து ஒட்டிக்கொண்டது என்று காவல்காரர் அடித்துச் சொல்வார். நம் கம்பெனித் தோல்தானே வாத்தியங்களுக்கும் போகிறது, அதனால்தான் என்று சாயக்காரர் ஒரு கதை வைத்திருந்தார். உட்கார்ந்த இடத்திலெல்லாம் விரலால் தட்டிக்கொண்டே இருப்பதால்தான் என்று மனைவி சொல்வாள். சாப்பாட்டுத் தட்டைக்கூட விடமாட்டாராம்.

நம் டிரம்மர் இதில் எதையும் ஒத்துக்கொண்டதில்லை. டிரம்மைச் சுற்றுவது மோட்டார், அதற்கு மனுஷன் எதற்கு என்பார். பொத்தானை அமுக்குவதற்கு முன்னால் தட்டுகிறான் பாருங்கள், அதனால்தான் அவன் டிரம்மர்.

தட்டுவது என்றால் இதுதான். ஒவ்வொரு தடவையும் டிரம் காலியானதும் ஒரு ஆள் உள்ளே போய்ச் சுவரில் ஒட்டிய கசடைச் சுரண்டிவிட்டு வருவான். அவன் வெளியே வந்தானா இல்லையா என்று வெளியே நிற்கிறவனுக்கு எப்படித் தெரியும்? உள்ளே கும்மிருட்டு, பக்கத்து டிரம்களின் மோட்டார் சத்தத்தில் வாயால் கூப்பிட்டால் ஒரு எழவும் கேட்காது. அதனால் கட்டையால் பலகையில் ஓங்கி மூன்று தட்டு தட்டவேண்டும். உள்ளே ஆள் இருந்தால் பதிலுக்குத் தட்டுவான். பதில் வராவிட்டால் காலி என்று அர்த்தம். அடுத்த தோலைப் போட்டு, கதவைப் பூட்டி ஓட்டலாம். எப்போதோ ஒருத்தன் தட்டாமல் ஓட்டிவிட்டானாம். அதற்குப் பிறகு வந்த வழக்கம் என்பார்கள். அந்தக் கதையை யாரும் முழுசாகச் சொன்னதில்லை. அவரும் கேட்டதில்லை, கேட்டால் அன்றைக்குச் சோறு இறங்காது.

இப்படிப்பட்ட வேலைக்கு எப்படிப்பட்ட ஆள் வந்து சேர்ந்தார் பாருங்கள். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், பூட்டினோமா என்று திரும்பி வருகிற ரகம். அடுப்பை அணைத்தாயா என்று சினிமாக் கொட்டகையில் படம் ஓடும்போது மனைவியைக் கேட்பார். அவள் ஒருநாள் பொறுக்க முடியாமல், அடுத்த தடவை அடுப்பைத் தலையில் தூக்கிக்கொண்டு வருகிறேன் என்று சொல்ல, பின்வரிசையே சிரித்தது.

சிரிக்கலாம்தான். ஆனால் அவர் படுகிற பாடு அவருக்குத்தான் தெரியும். வருஷக்கணக்காகச் செய்கிற காரியம் கைக்குப் பழகிவிட்டது. கை பாட்டுக்குத் தட்டிவிடும், மனசு வேறெங்கோ இருக்கும். டிரம் சுற்ற ஆரம்பித்த பிறகு திடீரென்று சந்தேகம் வந்துவிடும். தட்டினோமா? தட்டியிருப்போம். நிச்சயமாகவா? அப்போது தோல் விழுகிற ஒவ்வொரு சத்தமும் அவருக்கு வேறு மாதிரிக் கேட்கும். சுரண்டப் போன ஆள் எங்கே என்று கூடம் முழுக்கக் கண்ணால் துழாவுவார். அவன் எங்கேயாவது தென்பட்டால்தான் மூச்சு வரும்.

இரண்டு தடவை அவரால் முடியாமல் போய் டிரம்மை நிறுத்திவிட்டார். இரண்டு தடவையும் உள்ளே ஒரு ஈ காக்கை இல்லை. ஒருத்தன் டீக்கடையில் இருந்தான், இன்னொருத்தன் கழிப்பறையில். நிறுத்தினால் என்ன குடிமுழுகிப் போயிற்று என்று கேட்பீர்கள். சாயம் ஊற்றிய கையோடு நிறுத்தினால் சாயம் சீராக ஏறாது. தோல் முழுக்கத் திட்டுத் திட்டாகிவிடும். இரண்டாவது தடவை மேஸ்திரி அவரைத் தனியாகக் கூப்பிட்டு, இன்னொரு தடவை ஆளில்லாத டிரம்மை நிறுத்தினால் பொத்தானை வேறொருத்தரிடம் கொடுத்துவிட்டு அவர் கையில் சுரண்டியைக் கொடுத்துவிடுவேன் என்றார். கெட்டவர் இல்லை மேஸ்திரி. அவருக்கும் மேலே ஆள் இருந்தது.

அந்தச் சமயம் பார்த்துத்தான் மச்சினனுக்கு வேலை போய், மனைவி வந்து நின்றாள். மனைவியின் தம்பிக்கு அப்போதே இரண்டு பிள்ளைகள். ஆனால் மனிதனுக்கு எதிலும் ஒரு அவசரமோ கவலையோ கிடையாது. நின்றால் சாய்வான், சாய்ந்தால் தூங்குவான். கம்பெனிக்கு வந்த ஒரே வாரத்தில் அவனுக்குத் தூங்குமூஞ்சி என்று பேர் விழுந்துவிட்டது. காலியாக இருந்தது சுரண்டுகிற வேலைதான். மனைவி அதற்கு ஒத்துக்கொண்டாள், ஒரே நிபந்தனையோடு.

"எந்த எந்திரத்துக்குள்ள வேணா அனுப்புங்க. ஆனா பொத்தான்ல உங்க கைதான் இருக்கணும். என் தம்பி உங்க பொறுப்பு."

அன்றிலிருந்து டிரம்மருக்குத் தூக்கம் போயிற்று. முன்பெல்லாம் மூன்று தட்டு. இப்போது ஆறு தட்டினார். பதில் வராவிட்டாலும் கதவுக்குள் தலையை விட்டுப் பார்த்தார். பார்த்தாலும் நம்பிக்கை வரவில்லை. மச்சினனோ, "எதுக்கு மாமா இவ்ளோ தட்டறீங்க, காது வலிக்குது" என்று கொட்டாவி விடுவான்.

ஒருநாள் காலையில் சாயம் ஊற்றி ஓட்டிவிட்டு நிமிர்ந்தார். மச்சினனைக் காணோம். டீக்கடைக்கு ஆள் அனுப்பினார், இல்லை. கழிப்பறைக் கதவைத் தட்டினார், உள்ளே இருந்தது வேறு யாரோ. தட்டினோமா என்று யோசித்தார். கட்டை கையில் இருந்தது ஞாபகம் இருக்கிறது, தட்டியது ஞாபகம் இல்லை. டிரம்முக்குள் தொப்பென்று ஒரு சத்தம். அது தோல்தான், அவருக்கும் தெரியும். ஆனால் மனைவியின் முகம் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றுவிட்டது. எந்த முகத்தோடு வீட்டுக்குப் போவது? ஓடிப்போய்ப் பொத்தானை அடித்தார். கதவைத் திறந்து சாயத்தண்ணீர் மார்பில் கொட்டக் கொட்ட, தோல்களைக் கையால் வாரி வெளியே இழுத்துப் போட்டார். உள்ளே ஒன்றுமில்லை. கூடமே கூடிவிட்டது. அந்தக் கூட்டத்தின் பின்னாலிருந்து, கன்னத்தில் சாக்குத் தடம் பதிந்திருக்க, கண்ணைக் கசக்கிக்கொண்டு மச்சினன் எட்டிப் பார்த்தான். உப்பு மூட்டைகளுக்குப் பின்னால் ஒரு குட்டித் தூக்கம் போட்டிருக்கிறான். "என்ன மாமா, என்ன ஆச்சு?" என்று அவரையே கேட்டான்.

மேஸ்திரி சொன்னதைச் செய்தார். மறுநாளிலிருந்து டிரம்மர் கையில் சுரண்டி. பொத்தானுக்கு யார் என்று பார்த்தால், டிரம்மைப் பக்கத்திலிருந்து பார்த்துப் பழகிய வேறு ஆள் காலியாக இல்லை. மச்சினனையே போட்டுவிட்டார்கள்.

வீட்டில் மனைவி அன்றைக்கு என்ன செய்வது என்று தெரியாமல் தவித்தாள். தம்பிக்கு நல்ல இடம் கிடைத்த சந்தோஷத்தைக் காட்டவும் முடியவில்லை, மறைக்கவும் முடியவில்லை. "அவனுக்குக் கெடச்சது உங்களுக்குக் கெடச்ச மாதிரிதானேங்க" என்று சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். ஆமாம் என்று தலையை ஆட்டினார். இடம் போனது அவருக்குக் கசந்ததுதான், இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் அவரைப் பிடித்து ஆட்டியது அது இல்லை. நாளையிலிருந்து உள்ளே போவது அவர். வெளியே பொத்தானில் கை வைத்துக்கொண்டு நிற்கப்போவது தூங்குமூஞ்சி.

உள்ளே போன முதல் நாளே டிரம் அவருக்கு வேறு டிரம்மாகத் தெரிந்தது. இத்தனை வருஷம் அந்தப் பலகையின் வெளிப்பக்கத்தைத்தான் தெரியும். உள்ளே நின்று பார்த்தால் கதவு ஒரு சின்ன வெளிச்சத் துண்டு. அதை ஒரு தோள் மறைத்தால் போதும், எல்லாம் இருட்டு. காலுக்குக் கீழே வழுக்கல்; எந்தப் பக்கம் திரும்பினாலும் விலாவில் முளை இடிக்கிறது. சுரண்டுகிற கையை நிறுத்தி நிறுத்திக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். தட்டுகிறானா? தட்டாமலே ஓட்டிவிடுவானா? மச்சினன் தட்டினான்தான். சில நாள் மூன்று, சில நாள் இரண்டு. ஒருநாள் ஒன்றே ஒன்று. இன்னொரு நாள் தட்டவே இல்லை. கேட்டதற்கு, "நீங்க வெளிய வந்தத நான்தான் பாத்தேனே மாமா, அப்புறம் எதுக்குத் தட்டணும்?" என்றான். அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அந்த நியாயம்தான் அவரை இன்னும் பயமுறுத்தியது.

கடைசியில் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். அவன் தட்டுவானா என்று காத்திருப்பதற்குப் பதிலாக, உள்ளே இருக்கிறவரைக்கும் தானே தட்டிக்கொண்டிருந்தால் என்ன? இரண்டு இழுப்பு சுரண்டுவார், சுரண்டியின் முதுகால் பலகையில் ஒரு தட்டு. மறுபடி இரண்டு இழுப்பு, ஒரு தட்டு. கர், கர், டொக். நுழைந்ததிலிருந்து வெளியே கால் வைக்கிறவரை இது நிற்காது.

கம்பெனிக்கே அது பொழுதுபோக்காகிவிட்டது. இப்போதுதான் நம்மாள் நிஜ டிரம்மர் ஆகியிருக்கிறார் என்றார் மெக்கானிக். சாயக்காரர் அந்தத் தாளத்துக்குத் தகுந்த மாதிரி தோளைக் குலுக்கிக்கொண்டு வாளி சுமந்தார். மச்சினனுக்கு மட்டும் தாங்கவில்லை. பகல் முழுக்க டொக் டொக் என்றால் மனுஷன் எப்படிக் கண்ணயர்வது? "நிறுத்துங்க மாமா, தலைக்குள்ளயே அடிக்குது" என்று கெஞ்சினான். அக்காவிடமே போய்ப் புகார் சொன்னான். அவளும் புருஷனிடம், "அவன் என்ன உங்களக் கொன்னா போடுவான்?" என்று கேட்டுவிட்டு, கேட்ட கையோடு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவர் தட்டுவதை நிறுத்தவில்லை.

இந்தப் பயத்தில் அவர் ஒன்றைக் கோட்டை விட்டார். பயந்த சுபாவம் உள்ளவர்களுக்கு வருகிற சங்கடமே இதுதான், ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர் கண்ணும் காதும் பொத்தானிலேயே இருந்தன. ஒருநாள் சுண்ணாம்பு டிரம்மைச் சுரண்டவேண்டியிருந்தது. சுண்ணாம்பு டிரம்மின் கசடில் அமிலம் படக் கூடாது, பட்டால் விஷவாயு கிளம்பும். இது அங்கே எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. கழுவுவதற்கு எடுக்கிற வாளியை முதலில் மோந்து பார்ப்பார்கள். அவரும் வருஷக்கணக்காக மோந்து பார்த்தவர்தான். அன்றைக்கு, கதவுக்கு வெளியே மச்சினன் கொட்டாவி விடுவதைப் பார்த்துக்கொண்டே, கைக்கு எட்டிய வாளியைத் தூக்கிக்கொண்டு நுழைந்துவிட்டார். அதிலிருந்தது பக்கத்து டிரம்முக்கு வைத்திருந்த அமிலத் தண்ணீர்.

கர், கர், டொக். தண்ணீரை ஊற்றினார். குப்பென்று அழுகின முட்டை நாற்றம் அடித்தது. தோல் கம்பெனியில் நாற்றத்துக்கா பஞ்சம், அவர் கண்டுகொள்ளவில்லை. கொஞ்ச நேரத்தில் அந்த நாற்றமும் இல்லாமல் போயிற்று. நாற்றம் போகவில்லை, மூக்குதான் மரத்துப் போயிற்று என்று உறைத்தபோது கதவு எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. கால் பஞ்சாகிவிட்டது. அந்த நேரத்திலும் மனிதருக்கு வாயுவைப் பற்றிய பயம் வரவில்லை. தட்டவேண்டும், தட்டாவிட்டால் காலி என்று நினைத்து ஓட்டிவிடுவான் என்பது ஒன்றுதான் மனசில் இருந்தது. சுரண்டியைத் தூக்கப் பார்த்தார். அது கையில் இல்லை. விரலை மடக்கிப் பலகையில் வைத்தார். விரல் கேட்கவில்லை. சத்தம் இல்லையென்றால் ஆள் இல்லை. இத்தனை வருஷம் அந்த ஒரு நம்பிக்கையில்தானே அவரும் பொத்தானை அமுக்கியிருக்கிறார்! தட்ட முடியாமல் ஒருத்தன் உள்ளே கிடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒரு நாளாவது நினைத்துப் பார்த்தாரா? அதற்குமேல் அவருக்கு ஞாபகம் இல்லை.

கண் விழித்தபோது வானம் தெரிந்தது. முற்றத்துச் சிமெண்டுத் தரையில் படுக்கவைத்திருந்தார்கள். பேண்ட் இடுப்பிலிருந்து தொடை வரை கிழிந்து தொங்கிக்கொண்டிருந்தது. தோலை இழுக்கிற நீளக் கொக்கியை இடுப்பு வாரில் மாட்டி, தோலை இழுக்கிற மாதிரியே வெளியே இழுத்திருக்கிறார்கள். அவ்வளவு பேருக்கு நடுவில் கிடந்தவர் முதலில் செய்த காரியம் தொடையை மூடியதுதான்.

நடந்ததை மேஸ்திரிதான் சொன்னார். டொக் சத்தம் நின்றதும் எல்லாரும் சுரண்டல் முடிந்தது என்றுதான் நினைத்திருக்கிறார்கள். அடுத்து தன் கைக்குத் தோல் வரவேண்டும் என்று சாயக்காரர் டிரம்மை ஓட்டச் சொல்லி அவசரப்படுத்தியிருக்கிறார். மச்சினன் தட்டிப் பார்த்திருக்கிறான். பதில் இல்லை. வழக்கப்படி கதவைச் சாத்தி ஓட்டியிருக்கவேண்டியதுதான். ஆனால் அவன் கை பொத்தானுக்குப் போகவில்லையாம். அந்தச் சனியன் பிடித்த சத்தம் கேட்டுக் கேட்டு அவன் காது அதற்கே பழகிவிட்டது. நின்றதும் என்னமோ போலாகிவிட்டது, தொட்டில் ஆட்டம் நின்றதும் குழந்தை முழித்துக்கொள்கிற மாதிரி. மாமா வெளியே வந்திருந்தால் தன்னை ஒரு முறை முறைத்துவிட்டுத்தானே போயிருப்பார், இன்னும் முறைக்கவில்லையே என்று யோசித்திருக்கிறான். பிறகு கதவருகே போனதும் நாற்றம் முகத்தில் அடிக்க, மூச்சைப் பிடித்துக்கொண்டு கதவுக்குள் தலையை விட்டிருக்கிறான்.

மச்சினன் அவர் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தான். முகத்தில் தூக்கத்தின் சுவடே இல்லை. அவன் கைவிரல்கள் அவருடைய தோளில் தட்டிக்கொண்டே இருந்தன, அவன் அறியாமல்.

மனைவி வந்தாள். ஓடிவந்த வேகத்தில் ஒரு காலில் செருப்பு இல்லை. யாரைத் திட்டுவது என்று தெரியாமல் முதலில் தம்பியை ஒரு அறை விட்டாள். பிறகு அவனையே கட்டிக்கொண்டு அழுதாள். கிழிந்த பேண்டைப் பார்த்ததும், கல்யாணத்துக்கு எடுத்ததாயிற்றே இது என்று அதற்கும் சேர்த்து அழுதாள்.

சில நாள் கழித்து அவர் வேலைக்குத் திரும்பினார். உள்ளே போகிறவர் வெளியே வருகிறவரை தட்டிக்கொண்டே இருக்கவேண்டும், சத்தம் நின்றால் முதலில் கதவைத் திறந்து ஆளைப் பார்க்கவேண்டும், முகத்தைப் பார்க்காமல் பொத்தான் பக்கம் போகக் கூடாது என்று மேஸ்திரி எல்லாரையும் கூட்டிச் சொல்லிவிட்டிருந்தார். சுரண்டியை எடுக்கக் குனிந்தவரின் கையிலிருந்து மச்சினன் அதைப் பிடுங்கிக்கொண்டான். மேஸ்திரியிடம் பேசிவிட்டதாகவும், பொத்தான் இனி மாமாவுடையதுதான் என்றும் சொன்னான்.

"எனக்காக விட்டுக்குடுக்காத. ரெண்டு புள்ளைங்களோட தகப்பன் நீ" என்றார் டிரம்மர்.

"விட்டுக்குடுக்கல மாமா. என்னால முடியல." அவன் பொத்தானைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "உள்ள கெடக்கறது ஒண்ணும் பெரிய விஷயமில்ல. வெளிய நிக்கறதுதான் கஷ்டம். அன்னைக்குக் கொஞ்ச நேரம் நின்னேன், இன்னும் தூக்கம் வரல. நீங்க எப்படி மாமா இத்தன வருஷம் நின்னீங்க?"

இத்தனை வருஷத்தில் டிரம்மரைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு, திட்டியவர்கள் உண்டு. இப்படி யாரும் கேட்டதில்லை. அவர் வாளியை எடுத்து மோந்து பார்த்து அவனிடம் கொடுத்தார்.

மச்சினன் உள்ளே போனான். தட்ட ஆரம்பித்தான். தாளமும் இல்லை ஒன்றுமில்லை, நினைத்தபோது ஒரு தட்டு. அவர் இரண்டு கையையும் பொத்தானுக்கு எட்டாமல் கட்டிக்கொண்டு, பலகையில் காதை வைத்து நின்றார். டொக். டொக். அப்புறம் ஒன்றுமில்லை. கதவுக்குப் பாய்ந்து தலையை உள்ளே விட்டார்.

"மூக்கு அரிச்சுது மாமா" என்றது இருட்டுக்குள்ளிருந்து ஒரு குரல்.

"அரிச்சா இன்னொரு கையால சொறி. நீ தட்டு."

தட்டினான். அவர் மறுபடி பலகையில் காதை வைத்துக்கொண்டார். வெளியே வந்து அவன் முகத்தைக் காட்டுகிறவரை அங்கிருந்து நகரவில்லை.